பூம்பாறைக்கு நான் ஓடிய ஓட்டம்

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கொடைக்கானல் மலையில் எவனும் சும்மா ஓட மாட்டான். ஓடினால் அவனுக்குப் பின்னால் காட்டெருமை வரும், அல்லது போலீஸ் வரும், அல்லது முன்னால் பஸ் போய்க்கொண்டிருக்கும். இது எதுவுமே இல்லாமல், உடம்புக்கு நல்லது என்று சொல்லி, அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு இந்த மலையில் ஓடிய முதல் தமிழன் நான்தான். (வெள்ளைக்காரப் பாதிரிமார் ஓடியிருக்கலாம். அவர்களை நான் சேர்ப்பதில்லை.) முதல் ஆளாக எதைச் செய்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை என் கடைசி மகள் வள்ளி கட்ட வேண்டியதாகப் போயிருக்கும். மயிரிழையில் தப்பித்தாள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். படித்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன். படிக்காததால் கலெக்டர் வீட்டுக்கே பூண்டு அனுப்புகிற அளவுக்கு உயர்ந்தேன். ரோடு இல்லாத காலத்தில் பொதிக்குதிரைகளுக்குப் பின்னால் நடந்து, மேல்மலைப் பூண்டைக் கீழே இறக்கியவன், பிறகு கொடைக்கானலில் சொந்தப் பூண்டு மண்டியும், அதற்கு ஒரு லாரியும் வைத்தேன். லாரியின் நெற்றியில் என் பெயரைத்தான் எழுதியிருந்தேன். சாமி பெயர் பின்பக்கம் இருந்தது.

அறுபது வயது முடிந்ததும் மண்டிச் சாவியை மூத்த மகனிடம் கொடுத்தேன். (கொடுத்தேன் என்பது நான் சொல்வது. பிடுங்கிக்கொண்டான் என்பது மண்டியில் சொல்வது.) அதற்கப்புறம் வீட்டில் உட்கார்ந்தேன். என்னைப் போன்ற ஆள் சும்மா உட்கார முடியுமா? அடுப்படிக்குள் போய், என் மனைவி பேச்சியம்மாள் பூண்டு உரிக்கிற விதத்தில் குற்றம் கண்டுபிடித்தேன். அவள் விளக்குமாறு பிடிக்கிற கோணத்தைத் திருத்தினேன். ஒரு வாரம் பொறுத்தாள்.

"இந்தாருங்க, வெளிய போய் ஏதாச்சும் சோலி தேடிக்கிருங்க. இல்லைன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள்.

தேடினேன். முதலில் ஏரியில் படகு ஓட்டிப் பார்த்தேன். மூட்டை தூக்கிய என் வலது கைக்கு இருந்த பலத்தில் படகு முன்னால் போகாமல் நின்ற இடத்திலேயே வட்டம் அடித்தது. கரையில் நின்றவர்கள் அதை ஒரு வித்தை என்று நினைத்துக் கை தட்டினார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டுத் தலை சுற்றி இறங்கினேன். அடுத்து ஒரு பெட்டிக் கேமரா வாங்கி, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் படம் பிடித்தேன். பொண்ணு மாப்பிள்ளையின் கால் மெட்டி வரைக்கும் அவ்வளவு தெளிவாக விழுந்தது. தலைகள் மட்டும் விழவில்லை. அந்த வீட்டார் இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

அப்போதுதான் ஏரிக்கரையில் அருளப்பனைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட மூத்தவர், ஈர்க்குச்சி மாதிரி இருப்பார், காலையில் ஏரியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். (ஏரிக்கரையில் ஓடுவதை மலையில் ஓடுவதாக நான் சேர்ப்பதில்லை.)

"நானும் ஓடலாமா மாஸ்டர்?" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். கண் என் தொந்தியில் கொஞ்ச நேரம் நின்றது. "மொதலாளிக்கு நடந்தாப் போதும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். மறுநாளே கான்வாஸ் பூட்ஸும் காக்கி அரைக்கால் சட்டையும் வாங்கிவிட்டேன். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியதால் அதன் மேல் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். என் பிடிவாதத்தைப் பார்த்து மாஸ்டர் எனக்குச் சட்டதிட்டங்கள் சொல்லிக் கொடுத்தார். ஓடும்போது பேசக் கூடாது. மூக்கால்தான் மூச்சு விட வேண்டும். நடுவில் நின்றாலும் உட்காரக் கூடாது. தண்ணீர் குடிக்கக் கூடாது. மூன்றாம் வகுப்புக்குப் பிறகு நான் படித்த ஒரே படிப்பு அது என்பதால் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் வள்ளியின் கல்யாணப் பேச்சைச் சொல்ல வேண்டும். அவளுக்கு அதற்கு முன்னால் வந்த இரண்டு சம்பந்தம் என் வாயால் முறிந்தது. ஒரு மாப்பிள்ளையின் அப்பாவிடம், உங்கள் தோட்டம் எங்கள் மாட்டுக்கொட்டகை அளவு இருக்குமா என்று விசாரித்தேன். (நிஜமாகவே அளவு தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.) இன்னொருவரிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத என் மகள் சம்மதிக்கவில்லை. மூன்றாவதாக வந்தது, பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கிற பூம்பாறைச் சம்பந்தம். மாப்பிள்ளையின் அப்பா சடையாண்டி பூண்டு விவசாயி, நிறுத்துப் பேசுகிறவர். பையன் தங்கம். வள்ளிக்கும் பிடித்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து உறுதி பண்ணுவதாக ஏற்பாடு.

"வெள்ளிக்கிழமை முடியற வரைக்கும் வாயையும் காலையும் வீட்டுக்குள்ள வச்சிருங்க. இதுவும் போச்சுன்னா எம்புள்ளை முகத்துல நான் முழிக்க முடியாது" என்று பேச்சி எச்சரித்தாள்.

ஆனால் அதற்கு முன்னாலேயே ஒரு காரியம் நடந்துவிட்டிருந்தது. மண்டிக்கு வந்த சடையாண்டியிடம், "மச்சான், நான் நெனைச்சா கொடைக்கானல்ல இருந்து ஓடியே வந்து ஒம்ம வீட்டு வாசல்ல நிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அம்புட்டுத் தூரமா மச்சான்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. உறுதிக்கு முன்னால் அந்த முள்ளை எடுத்துவிட வேண்டாமா?

புதன்கிழமை வெள்ளனே, பேச்சி எழுந்திருக்கும் முன்பே, மண்டிக்குப் போய் எங்கள் லாரியில் ஏறினேன். டிரைவர் துரைராசு பூம்பாறைக்குப் பூண்டு ஏற்றப் போய்க்கொண்டிருந்தான். (அவ்வளவு தூரம் ஓடுவதற்கு நான் என்ன குதிரையா?) வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் மூக்கால் மூச்சு விட்டுப் பழகிக்கொண்டு வந்தேன். கீழே பள்ளத்தில் பூம்பாறை தெரிகிற வளைவில் இறங்கினேன்.

"ஏலே துரைராசு, நான் லாரியில வந்தேன்னு எவன்கிட்டயாவது மூச்சு விட்டே, ஒன் சீட்டைக் கிழிச்சிருவேன். நான் ஓடிப் போய்ட்டுத் திரும்பி வர்றவரைக்கும் நீ இந்த எடத்தை விட்டு அசையாதே. பெறகு போய் லோடு ஏத்து" என்றேன்.

"சரிங்க மொதலாளி" என்றான். ஒன்றும் புரியாமல் என் அரைக்கால் சட்டையையே பார்த்தான்.

ஓடினேன். ஏரிக்கரை சமதரை. பூம்பாறை ரோடு இறக்கம். இந்த வித்தியாசத்தை மாஸ்டர் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதல் சில அடிகள்தான் நான் ஓடினேன், அதற்குப் பிறகு மலை என்னை ஓட்டியது. நிற்க நினைத்தாலும் கால் கேட்கவில்லை. படிப்படியாக இறங்குகிற வயல்களில் பூண்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "என்ன மொதலாளி? என்னாச்சு?" என்று ஒருத்தி கத்தினாள். ஓடும்போது பேசக் கூடாதே! தலையை மட்டும் ஆட்டினேன். அவள் களைக்கொத்தியைக் கீழே போட்டுவிட்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சொந்தக்காரர் ஊர் ஊராகப் போய்க் கேதம் சொல்வார். கேதம் சொல்ல வந்தவர் வீட்டுக்குள் நுழைய மாட்டார். உட்கார மாட்டார். தண்ணீர் குடிக்க மாட்டார். துண்டைத் தோளில் போடாமல் இடுப்பில் கட்டியிருப்பார். சேதியைச் சொன்னதும், போய் வருகிறேன் என்று சொல்லாமல் திரும்பிவிடுவார். இது எனக்குத் தெரியாதா? எத்தனை கேதம் சொல்லியிருப்பேன்! ஆனால் அன்றைக்கு என் மண்டைக்குள் இருந்தது டிரில் மாஸ்டர் மட்டும்தான்.

சடையாண்டி வீட்டு வாசலில் இருந்த பூண்டுக் குவியலில் மோதித்தான் நின்றேன். அவரும் அவர் மனைவி வேலம்மாளும் எழுந்து ஓடி வந்தார்கள்.

"வாங்க மச்சான், உள்ள வாங்க" என்றார் சடையாண்டி. வேண்டாம் என்று தலையாட்டினேன். பூட்ஸெல்லாம் சேறு.

"உக்காருங்கண்ணே" என்று வேலம்மாள் பலகையை எடுத்துப் போட்டாள். சட்டப்படி உட்காரக் கூடாது. கையை அசைத்தேன்.

"தண்ணியாச்சும் குடிங்க." செம்பைத் தள்ளிவிட்டேன். குளிர்காற்று அடித்ததில் என் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் தாரை தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலம்மாளின் கண் என் இடுப்புத் துண்டில் போய் நின்றது.

"அண்ணே..." என்றாள். "மதினி எங்கண்ணே?"

பேச்சியை ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்தேன். பேச்சி கொடைக்கானலில் இருக்கிறாள். கொடைக்கானல் மேலே இருக்கிறது. பேச மூச்சில்லை. எனவே கையை உயர்த்தி, நான் எவ்வளவு உயரத்திலிருந்து ஓடி வந்தேன் என்பதும் அவர்களுக்கு உறைக்கட்டும் என்று, நன்றாக அண்ணாந்து, வானத்தைக் காட்டினேன்.

காட்டிய கையோடு திரும்பி ஓடிவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். என் பெருமை என்ன ஆவது? பின்னால் வேலம்மாள் வீறிட்டது கேட்டது. நான் ஓடுகிற வேகத்தைப் பார்த்து அசந்துபோய்க் கத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊர் கண்ணுக்கு மறைந்ததும் ஓட்டத்தை விட்டேன். நடந்தேன். பிறகு தவழ்ந்தேன். பாதி ஏற்றத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் படுத்து அப்படியே தூங்கிப்போனேன். நான் வராததைப் பார்த்த துரைராசு லாரியை எடுத்துக்கொண்டு, நான் பாறைக்குப் பின்னால் கிடப்பது தெரியாமல், ஊருக்குள் போய்விட்டான். அங்கே ஊரே அழுதுகொண்டிருந்தது. பேச்சியம்மாள் போய்விட்டாள் என்றதும் அவனும் ஓவென்று அழுதானாம். "அதான் மொதலாளி வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசலை! லாரியில ஏத்தியாந்து வளைவுல எறக்கி விட்டவனே நாந்தானே!" என்று நான் யாருக்கும் சொல்லக் கூடாது என்றதை முதல் வேலையாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான்.

லாரிச் சத்தத்தில் விழித்து ரோட்டுக்கு வந்தேன். என் பெயரை நெற்றியில் தாங்கிய என் லாரி, பூண்டு மூட்டைக்குப் பதில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. பின்னால் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கையில் சங்கு. முன்யோசனைக்காரர் ஒருவர் விறகுகூட ஏற்றியிருந்தார். சடையாண்டி இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, முன்சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"மச்சான்... ஆரு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அதை வேற எங்க வாயால சொல்லணுமா?" என்று குலுங்கினார்.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. செண்பகனூரில் அவருடைய அத்தை ஒருத்தி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அவள்தான்! நான் அந்தப் பக்கம் போனதும் சேதி வந்திருக்கிறது. சம்பந்தி வீட்டுத் துக்கம். நாம் யாருக்கும் குறைந்து அழக் கூடாது. நான் எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை.

"தங்கமான மனுசியாச்சே!" என்று எடுத்தேன். (அந்த அத்தையை நான் பார்த்ததே இல்லை.) பின்னால் அழுகை இரண்டு மடங்காயிற்று. துரைராசு ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் கண்ணையும் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச தூரம் போனதும் எனக்குக் கவலை வந்தது. இந்தச் சாவைச் சாக்கிட்டு வெள்ளிக்கிழமை உறுதி தள்ளிப்போனால்? வள்ளி முகம் கண்ணில் நின்றது. சம்பந்தியைத் தேற்றுவோம் என்று அவர் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

"விடுங்க மச்சான். வயசாயிருச்சு. இனி இருந்து என்னத்தைக் கண்டாங்க? எல்லாருக்கும் ஒரு தொந்தரவு விட்டுச்சு."

சடையாண்டியின் அழுகை பட்டென்று நின்றது. என்னை வெறித்துப் பார்த்தார்.

"இதுக்காக வெள்ளிக்கிழமை விசேசத்தை நிறுத்த வேணாம். நாளைக்குத் தலை முழுகிட்டு, அது பாட்டுக்கு நடத்திருவோம்" என்று மேலும் ஆறுதல் சொன்னேன்.

என் கைக்குள் இருந்த தன் கையை உருவிக்கொண்டார். சன்னல் பக்கம் திரும்பியவர் அதன்பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. துக்கம் தாங்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொடைக்கானல் வந்தபோது எதிரில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குப் பனி மூடியிருந்தது. லாரி செண்பகனூர் ரோட்டுக்குப் போகாமல் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. "ஏலே, எங்க போறே? வழி அது இல்லை!" என்று கத்தினேன். "பாவம், மொதலாளிக்குப் புத்தி பேதலிச்சிருச்சு" என்று துரைராசு விசும்பினான்.

எங்கள் வாசலில் லாரி நின்றது. சங்கு ஊதினார்கள். வெள்ளிக்கிழமை விருந்துக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்த பேச்சி சத்தம் கேட்டு வெளியே வந்தாள். சம்பந்தி வீட்டார் அழுதுகொண்டு இறங்குகிறார்கள், கூட அவள் புருசனும் அழுகிறான். அவள் என்ன நினைப்பாள்? அவர்கள் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று, "அய்யோ மதினி!" என்று ஓடி வந்து வேலம்மாளைக் கட்டிக்கொண்டாள். முந்தானையால் முகத்தை மூடியிருந்த வேலம்மாள், யார் என்ன என்று பார்க்காமல் அந்தத் தோளிலேயே சாய்ந்து ஒப்பாரி வைத்தாள். பேச்சியும் கூடச் சேர்ந்து இழுத்தாள். ரெண்டு பேரும் ராகம் பிசகாமல் அழுதார்கள். வேலம்மாள் பாட்டில், மண்டிக்கார மகராசி பேச்சியம்மா என்று வந்தது. பேச்சி அதையும் அப்படியே திருப்பிப் பாடிவிட்டு, சட்டென்று நிறுத்தினாள்.

"மதினி, எம்பேரைச் சொல்லி எதுக்கு அழுகுறீக?"

வேலம்மாள் முந்தானையை விலக்கிப் பார்த்தாள். கத்தக்கூட இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விறகு கொண்டுவந்தவர் கட்டைத் தலையில் வைத்தபடியே தெருக்கோடிக்கு ஓடினார்.

"ஆரு போயிட்டாங்க?" என்றாள் பேச்சி.

"நீங்கதான் மதினி" என்றாள் வேலம்மாள்.

ஒருவழியாக எல்லாம் வெளியே வந்தது. துண்டு, தண்ணீர்ச் செம்பு, வானத்தைக் காட்டிய கை, லாரி. ஒவ்வொன்றாக வரவர நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். சிலர் சிரிக்க ஆரம்பித்தார்கள். சடையாண்டி மட்டும் சிரிக்கவில்லை.

"கேதத்தைத் தப்பா எடுத்தது எங்க தப்பாவே இருக்கட்டும். கட்டின பொண்டாட்டி செத்துட்டான்னு நாங்க அழுகுறோம், தொந்தரவு விட்டுச்சுன்னு சொல்லுறாரு இந்த மனுசன். இந்த வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்!"

பேச்சி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் காட்டெருமை தேவலை.

"அய்யய்யோ, அது பேச்சியைச் சொல்லலை மச்சான்! செண்பகனூர்ல கெடக்குற ஒம்ம அத்தையைத்தான் சொன்னேன்!"

"எங்க அத்தை செத்தா ஒமக்குத் தொந்தரவு விட்டுச்சா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏலே துரைராசு, வண்டியைத் திருப்பு!"

கதவிடுக்கில் வள்ளி நின்றாள். அழவில்லை. இதுவும் போயிற்றா அப்பா என்பது போல என்னைப் பார்த்தாள். மூட்டை மூட்டையாகத் தூக்கிய ஆள் நான். அந்தப் பார்வையைத் தூக்க முடியவில்லை.  

பேச்சிதான் அசைந்தாள். வேலம்மாளைத் தூக்கி நிறுத்தினாள். "மதினி, கக்கத்துல என்ன அது?"

வேலம்மாள் ஒரு பொட்டலத்தைப் பின்னால் மறைத்தாள். பேச்சி பிடுங்கிப் பிரித்தாள். அரக்குச் சிவப்பில் பட்டுச் சேலை. வெள்ளிக்கிழமை வள்ளிக்குக் கொடுக்க மதுரையில் எடுத்தது. சாவுக்குக் கோடி போடப் பூம்பாறையில் அந்த அவசரத்துக்கு வேறு சேலை கிடைக்காமல், அழுதுகொண்டே அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இனி இதை எம்மருமகளுக்கு எப்படிக் குடுப்பேன்?" என்று வேலம்மாள் விசும்பினாள். "எழவுக்குன்னு கொண்டாந்ததை?"

"ஆருக்குன்னு கொண்டாந்தீக?"

"ஒங்களுக்குன்னு..."

"அப்ப எனக்குக் குடுங்க" என்றாள் பேச்சி. வாசலில் நின்றபடியே அந்தச் சேலையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். "இவரைக் கட்டி இத்தனை வருசத்துல ஒரு பட்டுச்சேலை கண்டதில்லை. கோடி கட்டிக்கிட்டுக் குத்துக்கல்லு மாதிரி நிக்கிற பொம்பளை ஆராச்சும் இருக்காளா? வள்ளிக்கு வேற எடுத்துக்கிருவோம். அண்ணே, இவரு வாய் இப்படின்னு தெரியாமத்தான் எங்க அப்பாரு என்னைக் குடுத்தாரு. நீங்க தெரிஞ்சு எடுக்குறீக. எல்லாரும் காலையில இருந்து பட்டினியாக் கெடக்குறீக. கேத வீட்டுல அடுப்பு எரியாது. என் வீட்டுல உலை கொதிக்குது. உள்ள வாங்க."

முதலில் சிரித்தது வேலம்மாள். "மதினிக்கு இனி ஆயுசு கெட்டி. ஒரு சாவுக்கான அழுகையை அழுது கழிச்சிட்டோம்ல!" என்றாள். அப்புறம் பட்டும் அரிசித் தூசியுமாக நின்ற பேச்சியைப் பார்த்து ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். 

"தங்கச்சி, ஒன் மொகத்துக்காகத்தான்" என்று சடையாண்டி செருப்பைக் கழற்றினார். என்னைத் தாண்டும்போது நின்றார். "மச்சான் இனி ஓடக் கூடாது."

ஓடவில்லை. அன்றைக்கே பூட்ஸை அருளப்பன் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். "நடந்தாப் போதும்னு அப்பவே சொன்னேன்" என்றார். அவர் சொன்னதை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

கல்யாணத்தில் பேச்சி அந்தச் சேலையைத்தான் கட்டினாள். என்ன ஜரிகை, எங்கே எடுத்தது என்று கேட்ட ஒவ்வொருத்தியிடமும், "என் கேதத்துக்கு வந்த சேலை. எங்க வீட்டுக்காரர் பூம்பாறை வரைக்கும் ஓடிப்போய்ச் சம்பாரிச்சுக் குடுத்தாரு" என்று பந்தி முடிகிற வரைக்கும் சொன்னாள். நான் சம்பாதித்த மண்டியையும் லாரியையும் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் பேரன் பேத்திகள் கூடுகிற நாளில் அந்தக் கதையை எடுக்காமல் சாப்பாடு இறங்காது. எல்லாரும் சிரித்து முடித்ததும், பேச்சி வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, பெற்ற பிள்ளைகளிடம் ஒவ்வொரு தடவையும் கண்டிப்பாகச் சொல்லி வைக்கிறாள்:

"நான் நெசமாப் போறப்ப, கேதம் சொல்ல ஒங்க அப்பாவை மட்டும் அனுப்பிறாதீக. ஒருத்தனும் வரமாட்டான்."